நகையை அடகு வைத்து வாங்கும் பட்டம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த சில வாரங்களில் தமிழகத்தின் சிறு நகரங்களில் நகைக்கடன் கவுன்டர்கள் சுறுசுறுப்பாகிவிடும். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் உள்ளே போகும். முதல் வருடக் கட்டணம் வெளியே வரும். மகனோ மகளோ வேலைக்குப் போனதும் மீட்டுவிடலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா என்ற கேள்வியைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சி விவாதங்களும் ஆண்டுதோறும் எழுப்புகின்றன. “கல்லூரிப் படிப்புக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா?” என்று பொதுவாகக் கேட்டு, தகும் என்றோ தகாது என்றோ பொதுவாகவே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். பொதுவாகக் கேட்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, ஒரே பாடத்தில், ஒரே ஆண்டில் வழங்கப்படும் இரண்டு பி.இ. பட்டங்களில் ஒன்று ஒரு குடும்பத்தின் தலைமுறையையே தூக்கி நிறுத்துகிறது. மற்றொன்று பத்து வருடக் கடனாக மட்டும் மிஞ்சுகிறது. எது எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் வசதி குறைந்த குடும்பம்தான் இன்று அதிக விலை கொடுக்கிறது. இந்தக் கட்டுரை பேச வருவது அதைப் பற்றித்தான்.

முதலில் தமிழகம் சாதித்ததைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை மறந்துவிட்டுப் பேசுபவர்கள் மிக எளிதாக “எல்லோரும் எதற்குக் கல்லூரிக்குப் போகவேண்டும்?” என்ற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இங்கே பட்டியல் சாதி மாணவர்களின் விகிதம் மட்டும் 39.4. அதாவது தமிழகத்துத் தலித் பிள்ளைகளின் சேர்க்கை விகிதம், எல்லாச் சாதியினரையும் சேர்த்த இந்தியச் சராசரியைவிட அதிகம். ஆண்களைவிடப் பெண்கள் பின்தங்கியும் இல்லை. இட ஒதுக்கீடு, மதிய உணவு, ஊருக்கு ஊர் பள்ளி, இலவசப் பேருந்துப் பயண அட்டை என்று பல பத்தாண்டுகளாகப் பல அரசுகள் போட்டுவந்த முதலீட்டின் பலன் அது. பொறியியலில் இன்னொரு காரணமும் உண்டு. கிண்டி, கோவை, காரைக்குடி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று எண்ணிவிடக்கூடிய அளவில் இருந்த கல்லூரிகள், 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்த பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின. 1990களில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007இலிருந்து நுழைவுத் தேர்வு போனது. 2010-11இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்ததில் தவறே இல்லை. உள்ளே என்ன கிடைக்கிறது என்று யாரும் பொறுப்போடு பார்க்காமல் விட்டதுதான் தவறு.

படித்தவனுக்கு வேலை இல்லை என்பதற்கு எல்லோரும் காட்டும் எண்கள் இரண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் 29.1 விழுக்காட்டினர் வேலையற்றவர்கள் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது 3.4 மட்டுமே. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் இதே போக்குதான். 2022-23இல் மொத்த வேலையின்மை 3.2 விழுக்காடு, பட்டதாரிகளிடையே 13.4. படிக்காமல் இருப்பதே மேல் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. எழுத்தறியாத இளைஞர் வேலையில் இருப்பதற்குக் காரணம் நல்ல வேலை கிடைத்தது அல்ல. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது என்பதுதான். கட்டட வேலையோ கரும்பு வெட்டோ, கிடைத்ததைச் செய்கிறார், கணக்கெடுப்பில் ‘வேலையில் உள்ளவர்’ ஆகிறார். பட்டதாரி காத்திருக்கிறார். காத்திருக்க வைக்க அவர் குடும்பத்தால் ஓரளவு முடிகிறது. ஆக, இந்த எண்கள் அளப்பது படிப்பின் பயனின்மையை அல்ல. படிப்பு முடிந்த பிறகும் குடும்பம் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கட்டண ரசீதிலும் வராத ஒரு செலவை. 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தத் தேர்வுக்குப் பயிற்சி மையங்களிலும் நூலகப் படிக்கட்டுகளிலும் உட்கார்ந்து படிப்பவர்களில் பட்டதாரிகளும் முதுநிலைப் பட்டதாரிகளும் எத்தனை பேர் என்பது எந்த மாவட்டத் தலைநகரிலும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் காட்சி.

பட்டத்துக்குச் சந்தையில் மதிப்பு எப்படி வருகிறது என்பதில் பொருளாதாரத்தில் இரண்டு விளக்கங்கள் உண்டு. படிப்பு ஒருவரின் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்பது கேரி பெக்கர் போன்றோரின் வாதம். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொன்றைச் சொன்னார்: வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் திறமை வெளியிலிருந்து தெரியாது, பட்டம் அதற்கொரு அடையாளம் மட்டுமே. தமிழகத்தில் இரண்டாவது விளக்கத்துக்கு நிறைய சாட்சியம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வைத்திருந்த வடிகட்டி அதைத்தான் செய்தது. எல்லோரிடமும் பட்டம் இருக்கும்போது பட்டம் மட்டும் அடையாளமாகாது. எந்தக் கல்லூரியின் பட்டம் என்பதே அடையாளமாகிறது. நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு எந்தக் கல்லூரிக்கு வருகின்றன, எதற்கு வருவதில்லை என்பதில் வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. வரும் இடத்திலும் கிடைப்பது முன்பு போல இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் 15 ஆண்டுகளுக்கு மேலாகவே வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சத்தில் நிற்கிறது. அதே காலத்தில் சென்னையில் வீட்டு வாடகை, மெஸ் கட்டணம், பஸ் கட்டணம் எதுவும் நின்றுவிடவில்லை. கல்லூரிச் செலவும்தான்.

இனி, யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. 198, 199 எடுக்கும் மாணவர் கிண்டிக்கோ எம்.ஐ.டி.க்கோ போகிறார். அங்கே கட்டணம் குறைவு, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வகம் இருக்கிறது, பெரும் செலவை அரசு ஏற்கிறது. அந்தக் கட்-ஆஃபை எட்டியவர்களில் பெரும்பாலோர் நல்ல தனியார் பள்ளியில், தனிப் பயிற்சியோடு படித்தவர்கள். 100, 110 எடுத்த மாணவருக்கு, அவர் அரசுப் பள்ளியில், கணித ஆசிரியர் பணியிடம் பாதி வருடம் காலியாக இருந்த பள்ளியில் படித்திருந்தாலும், கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரிதான் மிஞ்சும். 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி அங்கே கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகாரம் இருந்தால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 முதல் 87,000. இது ரசீதின் முதல் வரி மட்டும். பஸ், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்று அடுத்தடுத்த வரிகள் வரும். அவற்றைச் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தொடுவது சாதாரணம். மேலே இருப்பவர் குறைவாகக் கொடுத்து அதிகம் பெறுகிறார், கீழே இருப்பவர் அதிகமாகக் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இந்த அநீதியில் ஒரு சிறு பகுதியையாவது திருத்தியது. அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்பது உண்மையிலேயே பெரிய காரியம். மற்றவர்களுக்கு நிலைமை அப்படியே இருக்கிறது.

கொடுக்கும் பணத்துக்கு வகுப்பறையில் என்ன கிடைக்கிறது? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்கள் இதற்கு ஒரு பதிலைத் தந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்; இப்படி முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது, முறைகேட்டை ஒப்புக்கொண்டது. ஒரு கல்லூரியில் பாடப்பிரிவு தொடங்கவோ தொடரவோ இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்ற விதி இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் அந்த எண்ணிக்கை தாளில் இருந்தால் போதும் என்பதுதான் நடைமுறையாக இருந்திருக்கிறது. இதை வெறும் ஆவண மோசடியாக மட்டும் பார்க்கக் கூடாது. மூன்றாம் செமஸ்டரில் சர்க்யூட்ஸ் பாடத்தில் அரியர் வைத்த மாணவர், “பையன் படிக்கவில்லை” என்று வீட்டில் திட்டு வாங்குகிறார். அந்தப் பாடத்தை நடத்தவேண்டிய பேராசிரியர் காகிதத்தில் மட்டும் இருந்தாரா என்று அந்த வீட்டில் யாருக்குக் கேட்கத் தெரியும்? அப்பா எட்டாம் வகுப்பு, அம்மா ஐந்தாம் வகுப்பு. கல்லூரி அங்கீகாரம் பெற்றது என்று அரசு சொன்னதை அவர்கள் நம்பினார்கள். நம்பியதில் அவர்கள் தவறு ஏதுமில்லை.

கடனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி நான்கு லட்சம் வரையான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. படிக்கும் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டாம், ஆனால் வட்டி ஓடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், பத்து விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நான்கு என்று தனி வட்டியாகவே 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது எட்டரை லட்சத்துக்கும் மேல். வருடத்துக்கு மூன்றரை லட்சம் சம்பளம் கிடைத்த பிள்ளைக்கு இது சிரமப்பட்டுத் தாங்கக்கூடிய சுமை. வேலை கிடைத்தும் அது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலையாக, மாதம் 15,000 என்று அமைந்தால் சம்பளத்தில் பாதி வங்கிக்கு. வேலையே கிடைக்காவிட்டால் சொல்லவேண்டியதில்லை. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தவணை அதேதான் என்பது இந்தக் கடனின் அடிப்படைக் குறை. பொதுத்துறை வங்கி ஒன்று நிலுவைக் கல்விக் கடன்களைத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. 2016இல் வசூல் நெருக்கடி தாங்காமல் மதுரையில் பொறியியல் படித்த ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி தமிழகத்தைச் சில வாரங்கள் உலுக்கியது. கடனின் அமைப்பு மட்டும் மாறவில்லை.

மாறியது வட்டி மானியத்தின் விதிதான். நான்கரை லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. 2018இலிருந்து அந்த மானியம் தேசிய அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள், பாடப்பிரிவுகளுக்கு என்று சுருக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களின் (தொடக்கத்தில் 860) மாணவர்களுக்கே. மோசமான கல்லூரிக்கு மக்கள் வரிப்பணம் போகக் கூடாது என்பது இதன் பின்னுள்ள நியாயம். கேட்கும்போது சரியாகவே தோன்றும். ஆனால் அந்த மோசமான கல்லூரியை நடத்த அனுமதி கொடுத்தது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.). இணைப்பு கொடுத்தது பல்கலைக்கழகம். கலந்தாய்வுப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்து மாணவருக்கு ஒதுக்கீட்டு ஆணை கொடுத்தது அரசு. இத்தனை முத்திரைகளோடு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, “உன் கல்லூரி தரமற்றது, ஆகவே வட்டியை நீயே கட்டு” என்று சொல்வது கல்லூரிக்குத் தரவேண்டிய தண்டனையை மாணவருக்குத் தருவதாகும். தரமற்றது என்று அரசுக்கே தெரிந்த கல்லூரிக்கு, சேர்க்கைக்கு மட்டும் ஏன் அனுமதி?

“அப்படியானால் எல்லோரும் பட்டம் படிக்கவேண்டாமே, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று கைத்தொழில் கற்கட்டுமே” என்ற எதிர்வாதம் நல்லெண்ணத்தோடும் சொல்லப்படுகிறது. வெல்டர், சி.என்.சி. ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோருக்குத் தேவை இருப்பது உண்மை. அந்தப் படிப்புகளுக்கு இன்னும் அதிக மரியாதையும் முதலீடும் வரவேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் இந்த யோசனையைச் சொல்பவர்கள் தங்கள் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவதில்லை. இரண்டு தலைமுறையாகக் கல்லூரி பார்த்த குடும்பங்கள், முதன்முறையாக வாசலுக்கு வந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்துக் “கைத்தொழிலே போதும்” என்று சொல்லும்போது, குலத்தொழிலிலிருந்து வெளியேறத்தான் அந்தக் குடும்பம் நகையை அடகு வைத்தது என்பதை மறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு: 1953இல் அரைநேரப் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அடுத்த ஆண்டே எதிர்ப்பில் அவருடைய முதல்வர் பதவியோடு சேர்ந்து போனது. அந்த எதிர்ப்பின் நியாயம் இன்னும் காலாவதியாகவில்லை. பெண்ணுக்கோ கல்லூரியின் மதிப்பு சம்பளத்தோடு முடிவதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் திருமணம் தள்ளிப்போகிறது, ஊர் எல்லையைத் தாண்டித் தனியே பயணம் செய்கிறார், தன் பெயரில் வங்கிக் கணக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தை (2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்) இலவசம் என்று பழிப்பவர்கள், கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் மாணவிக்கு அந்தத் தொகை என்னவாக இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேசவேண்டும்.

சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பது இரண்டாவது எதிர்வாதம். மாணவர் சேராத கல்லூரி மூடப்படும், நல்லவை மட்டும் நிலைக்கும் என்கிறார்கள். ஓரளவு நடந்திருக்கிறது: ஒரு காலத்தில் 550க்கு மேல் இருந்த பொறியியல் கல்லூரிகள் இன்று 450க்கும் குறைவு. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. மூடப்பட்ட ஒவ்வொரு கல்லூரியும் அதற்கு முன் எத்தனை பேட்ச் மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கும்? ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் மறுநாள் வேறு ஹோட்டலுக்குப் போகலாம். இளநிலைப் பட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்குகிறோம், சரியில்லை என்று தெரிவதற்குள் வயது 22 ஆகிவிடுகிறது. இடையிலேயே வெளியேறுவதும் லேசில்லை. சேர்க்கையின்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திருப்பித் தர, மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டு என்று கேட்கும் வழக்கம் இருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் யு.ஜி.சி. தனியே அறிவிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்பதே அந்த வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. மாணவர் விலக முடியாத இடத்தில் சந்தையின் தண்டனை வேலை செய்யாது.

நீதிமன்றங்கள் இந்தப் பிரச்சினையோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கின்றன. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரியில் பாதி இடங்களைக் குறைந்த கட்டண இடங்களாக்கியது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் 11 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கட்டணத்தைக் கல்லூரியே நிர்ணயிக்கலாம், நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாப வேட்டையும் நன்கொடை வசூலும் கூடாது. அடுத்த ஆண்டு மாநிலந்தோறும் கட்டணக் குழு வந்தது. இத்தனை தீர்ப்புகளும் பேசியது விலையைப் பற்றி. 55,000 ரூபாய் அதிகமா குறைவா என்று வாதாடினோம். 55,000 கொடுத்தால் மாணவருக்கு என்ன கிடைத்தாக வேண்டும் என்று வாதாடவே இல்லை. விலைக்கு வரம்பு இருக்கிறது, சரக்குக்குத் தரக்கட்டுப்பாடு காகிதத்தில் இருக்கிறது. சம்பளச் செலவைக் குறைத்தால் கல்லூரிக்கு மிச்சம் என்ற நிலையில், கட்டண வரம்பின் சுமையும் கடைசியில் வகுப்பறையின் மீதே விழுந்தது. இல்லாத ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல் உருவானது இந்த இடத்தில்தான்.

அரசிடம் பணம் இல்லை என்பது மூன்றாவது, எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் நிறையப் பலன் தரக்கூடிய ஒன்றை நாம் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறோம். தமிழகத்தில் 160க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்களைச் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். நகை அடகுக் கடைக்குப் போகவேண்டியதில்லை. தமிழகத்தில் பட்டப்படிப்பு எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது இங்கேதான். இந்தக் கல்லூரிகளின் நிலை என்ன? ஆயிரக்கணக்கான நிரந்தரப் பணியிடங்கள் காலி. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் ஓடுகின்றன. முனைவர் பட்டமோ நெட், செட் தகுதியோ பெற்று, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்துவோரும் உள்ள இவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே சொல்லியாகிவிட்டது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது, தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு முதலாமாண்டில் சேர்ந்த மாணவர்கள் அந்தப் பேராசிரியர்களைப் பார்க்காமலேயே அடுத்த ஆண்டுக்குப் போனார்கள்.

அரசு பணமே செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறைச் சலுகை, ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் கட்டணம் எல்லாம் மாணவர் பெயரில் சுயநிதிக் கல்லூரிகளுக்குப் போகும் அரசுப் பணம்தான். அதை நிறுத்தவேண்டும் என்பது என் வாதமல்ல. நிறுத்தினால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைகளே. வாங்கும் கல்லூரியிடம் கணக்குக் கேட்கும் உரிமை அந்தப் பணத்தோடு சேர்ந்தே வருகிறது, அதைப் பயன்படுத்து என்பதுதான் வாதம். அரசுக் கல்லூரியில் பேராசிரியர் இல்லாததால் அங்கிருந்து ஒரு பி.எஸ்சி. மாணவர் கடன் வாங்கிக்கொண்டு தனியார் கல்லூரிக்கு நகர்ந்தால், கருவூலத்துக்கு ஏதோ மிச்சமானது போலத் தெரியும். அந்த மிச்சத்தைப் போல பல மடங்கை அந்தக் குடும்பம் வட்டியோடு கட்டுகிறது. அரசின் சிக்கனம் என்று நாம் எழுதி வைப்பதில் பாதி, குடும்பங்களின் கடன் கணக்குக்கு மாற்றப்பட்ட செலவு.

கடனையும் வேறு விதமாக அமைக்க முடியும். ஆஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்த முறையில், பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் தவணை தொடங்கும், வருமானத்துக்கு ஏற்பவே பிடித்தமும் இருக்கும், வேலை போனால் தவணையும் நிற்கும். முறைசாரா வேலைகளே மிகுந்த இந்தியாவில் வருமானத்தை யார் கண்டுபிடிப்பது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனாலும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருக்கும் லட்சக்கணக்கான இளைஞர்களின் மாதச் சம்பளம் ஏற்கெனவே மத்திய அரசின் கணினியில் இருக்கிறது. அவர்களிடமிருந்து தொடங்கலாம். அந்தக் கணக்கே இல்லாதவரிடம், அதாவது நிலையான வேலை கிடைக்காதவரிடம், தவணை கேட்பதை ஒத்திவைக்கலாம். நஷ்டத்தில் ஒரு பங்கைக் கல்லூரியும் ஏற்கவேண்டும்: ஒரு கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பகுதியினர் தவணை கட்ட முடியாமல் போனால், அந்தக் கல்லூரியின் சேர்க்கை இடங்கள் மறு ஆண்டே குறையவேண்டும். எளிய பின்னணி மாணவர்களைச் சேர்க்கவே கல்லூரிகள் தயங்கும் என்பார்கள். கலந்தாய்வில் யாரைச் சேர்ப்பது என்பதைக் கல்லூரி முடிவு செய்வதில்லை என்பதால் இங்கே அந்தப் பயத்துக்கு இடம் குறைவு.

இதற்கெல்லாம் சட்டமும் நிதியும் வேண்டும், காலம் பிடிக்கும். அடுத்த கலந்தாய்வுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. விருப்பப் பட்டியல் போடும் மாணவருக்கு இன்று கிடைப்பது கல்லூரியின் குறியீட்டு எண், பாடப்பிரிவு, கடந்த ஆண்டு கட்-ஆஃப். கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் தனியே வெளியிடுகிறது. அதைத் தேடிப் போகத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். விருப்பப் பட்டியல் போடும் பக்கத்திலேயே, ஒவ்வொரு பாடப்பிரிவின் பெயருக்கும் எதிரே, ஆதார் எண்ணோடு சரிபார்த்த ஆசிரியர் எண்ணிக்கை, நான்கே ஆண்டுகளில் அரியர் இல்லாமல் முடித்தவர்களின் விகிதம், கடந்த மூன்று பேட்ச்களில் வைப்பு நிதிக் கணக்கோடு வேலையில் இருப்பவர்களின் விகிதம், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம், பஸ், விடுதி உட்பட நான்கு ஆண்டுகளுக்கான மொத்தச் செலவு ஆகியவற்றைத் தமிழில் போடவேண்டும். விளம்பரப் பலகையில் இருக்கும் ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வாசகத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பெற்றோருக்கும் பொருளாதாரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்திடமும் வைப்பு நிதி அமைப்பிடமும் கட்டணக் குழுவிடமும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றாகச் சேர்த்து வெளியிடவேண்டிய பொறுப்பு உயர்கல்வித் துறையுடையது, அதற்கு ஓர் அரசாணை போதும்.